பக்கத்து இலைக்குக் கேட்டவர்கள்

"உங்களுக்கு எரிச்சல் தரும் விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டியபடி திரும்பினேன். பன்னிரண்டு பெண்கள் மூன்று பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பெஞ்சில் ஓரத்தில் இருந்தவளைக் கேட்டேன். எழுந்து நின்று, "நோ கம்ப்ளெயின்ட், டீச்சர்" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். மூன்றாமவள் மட்டும் யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்துவிட்டு அதையே சொன்னாள். கடைசி பெஞ்சு வரைக்கும் அதே பாட்டுதான்.

அது ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டு. அழுக்குத் துணி மூட்டை போடும் அறையைக் காலி செய்து வகுப்பாக்கித் தந்திருந்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து பினாயில் வாசனை, மறுபக்கத்திலிருந்து கஞ்சி கொதிக்கிற வாசனை. மின்விசிறி கிடையாது. வேப்பமரத்துக் காக்கை ஒன்று வாய் மூடாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு மட்டுமே ஏழெட்டு எரிச்சல்கள் இருந்தன.

தமிழுக்கு இறங்கி வந்தேன். "ஏம்மா, கொசுகூடவா கடிக்கல உங்களை?"

"கடிக்குதுங்க டீச்சர்."

"அது எரிச்சலா இல்லையா?"

"அது பாட்டுக்குக் கடிக்குதுங்க. அதுக்கு நாம என்னங்க பண்றது?"

வகுப்பு மொத்தமும் தலையாட்டி ஆமோதித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜையில் அடித்து, "மனுஷின்னா ஒரு குறையாவது இருக்கணும்!" என்று கத்தினேன். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

குறை சொல்லும் குடும்பம்

என் மேல் தப்பில்லை. நான் வளர்ந்த வீடு அப்படி.

தாராசுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பாவுக்குக் காப்பி ஆறியிருந்தால் குறை, சூடாக இருந்தால் நாக்குச் சுட்டது என்று குறை. அம்மாவுக்கு அப்பாவே ஒரு குறை. தம்பிக்குப் பள்ளிக்கூடம். எனக்கு இவர்கள் எல்லோரும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். போகிறபோக்கில் ஒரு தும்மல் போட்டாலே வெளியே விழுந்துவிடும்.

அந்த வருஷங்களில் அப்பாவின் குறை வீட்டைத் தாண்டி அரசாங்கத்துக்குப் போயிருந்தது. ஆட்சி மாறி, டீக்கடை தவறாமல் கறுப்பு சிவப்புக் கொடி ஏறிய காலம். நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். "நாளைக்கு என் வேட்டிக்கும் உச்சவரம்பு போடுவான்" என்பார் அப்பா. வயல்களைச் சொந்தக்காரர்கள் பேரில் பிரித்து எழுதினார். பினாமியாக என் பேருக்கும் ஒரு துண்டு வந்தது. கையெழுத்து மட்டும் போட்டேன். கடைசிவரை அந்த வயலை நான் போய்ப் பார்த்ததில்லை.

கிழக்கே போகப் போகச் சண்டை கடுமையாக இருந்தது. அங்கே வயலில் வேலை செய்தவர்கள் சங்கம் வைத்துச் செங்கொடி பிடித்தார்கள். அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினால் வரப்பில் வந்து மறித்தார்கள். போலீஸ் லாரி நிற்கும் சாலையில் எங்கள் பஸ் பல நாள் ஊர்ந்துதான் போகும். அதற்கும் நான் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன், தாமதமாகிறதே என்று.

இப்படி வளர்ந்தவளுக்கு, குறை சொல்வது என்பது கொட்டாவி மாதிரி எல்லோருக்கும் தானாக வருகிற ஒன்று என்ற நினைப்பு. அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும் என்பது இருபத்து மூன்று வயதுவரை எனக்குத் தெரியாது.

மெட்ரனம்மாவும் என் சித்தியும்

ஊர்ப் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் வேண்டாம். மாயவரத்திலிருந்து கிழக்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்த கிராமத்துப் பெண்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லித்தரும் வேலை எனக்கு.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் வெளிநாட்டு அம்மாள் ஒருவர். எல்லோருக்கும் அவர் மெட்ரனம்மா. எங்கோ பனி கொட்டும் தேசத்திலிருந்து வந்தவர். இங்கிலீஷே அவருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்து வந்த பாஷைதான். தமிழில் தெரிந்தது நாலு வார்த்தை: வாங்க, உட்காருங்க, வலிக்குதா, சாப்பிட்டியா. அந்த நாலை வைத்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டிவிட்டார்.

மற்றதையெல்லாம் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் வார்டு சிஸ்டர் ஜெயலட்சுமி. எனக்கு ஒன்றுவிட்ட சித்தி. இந்த வேலையை வாங்கித் தந்தவர் அவர்தான். அவர் வீட்டு மாடியறையில்தான் தங்கியிருந்தேன். அவர் கையால்தான் சாப்பிட்டேன். நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரம் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பயிற்சிப் பெண்களுக்கு மூன்று மாதம் கழித்து ஒரு நேர்முகத் தேர்வு. மெட்ரனம்மா இங்கிலீஷில் கேட்பார். இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். தேறியவர்கள் தங்கலாம். தேறாதவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே: "இங்கே உனக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "தன் தொந்தரவையே சொல்லத் தெரியாதவள், நோயாளியின் தொந்தரவை எனக்கு எப்படிச் சொல்வாள்?" என்று என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதனால்தான் அந்தப் பாடம்.

ஆறிப்போன சூப்பு

என்னிடம் இருந்தது சீமையில் அச்சடித்த ஓர் உரையாடல் புத்தகம். அதில் அன்றாட எரிச்சல்கள் என்று ஓர் அத்தியாயம். ஓட்டலில் சூப்பு ஆறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பியானோ வாசிக்கிறார். வேலைக்காரி தேநீர்க் குடுவையை உடைத்துவிட்டாள்.

இதை நடவு வயலில் கால் வைத்து வளர்ந்த பெண்களுக்கு நடத்த வேண்டும். சூப்பு என்றால் என்ன என்று கேட்டார்கள். ரசம் மாதிரி என்றேன். "ரசம் ஆறிப்போனா குடிச்சுட்டுப் போறது, அதுக்கு எதுக்குங்க டீச்சர் அந்த ஆள் இவ்வளவு பேசறாரு?" என்று ஒருத்தி உண்மையிலேயே அவருக்காகக் கவலைப்பட்டாள். வேலைக்காரி குடுவையை உடைத்த கதையில் எல்லோரும் வேலைக்காரி பக்கம். அவளுக்குக் கையில் காயம் பட்டதா என்று புத்தகத்தில் ஏன் போடவில்லை என்றும் கேட்டார்கள். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் போராடினேன். வாக்கியங்களை மனப்பாடம் செய்தார்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்கு இது பிடிக்கவில்லை. கிளிப்பிள்ளை மாதிரி சொல்வார்கள். பாடம் முடிந்ததும், "உண்மையில் என்ன தொந்தரவு?" என்று கேட்டால் பழையபடி, நோ கம்ப்ளெயின்ட்.

தையலின் கால்

கடைசி பெஞ்சில் உட்காருகிறவள் தையல்நாயகி. எல்லோரும் தையல் என்று கூப்பிடுவோம். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊர். அவர்கள் தெருவில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் பெண். வகுப்புக்கு எப்போதும் கடைசியாக வருவாள். கையில் ஈரம் இருக்கும். சேலை ஓரம் நனைந்திருக்கும்.

வார்டுத் துணிகளைத் துவைக்கிற வேலை பன்னிரண்டு பேருக்கும் வாரம் ஒருவராக முறை வர வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த சிமெண்டுத் தொட்டிக்குள் இறங்கி நின்று போர்வைகளை மிதிக்க வேண்டும். முறைப் பட்டியலை எழுதுகிறவர் சித்தி. எட்டு வாரமாக அதில் ஒரே பெயர்தான் இருந்தது.

ஒருநாள் அவள் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். வகுப்பு முடிந்ததும் நிறுத்தி, "காலைக் காட்டு" என்றேன். காட்ட மறுத்தாள். ஒரு அதட்டல் போட்டேன். விரலிடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஊறிப் பிளந்து, சில இடங்களில் சதை தெரிந்தது. 

"ஏன்டி, சிஸ்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். "அவங்கதானுங்களே டீச்சர் போடுறாங்க."

"அப்ப மெட்ரன்கிட்ட சொல்லு."

"அவங்ககிட்ட நம்ம பேச்சை யாருங்க எடுத்துச் சொல்லுவாங்க?"

மெட்ரனம்மாவின் காதுக்குப் போகிற வழி சித்தியின் வாய் வழியாகத்தான். அந்த வாரமே மெட்ரனம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த உயரமான பெண்ணை வார்டில் பார்க்கவே முடிவதில்லை. துவைக்கிற வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாளாம். நோயாளிகளைத் தொடப் பிடிக்காதோ? தேர்வில் அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன்."

அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள் என்று சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. சித்திதான் என்று எனக்குத் தெரியும். காரணமும் தெரியும். தையலின் ஊரில்தான் சித்தியின் அண்ணனுக்கு நிலம். அந்தத் தை மாதம் அவர் வயலில் அறுவடையை மறித்து நின்றவர்களில் முன்னால் நின்றவர் தையலின் அப்பா. சித்தி வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது இதுதான் பேச்சு. "கொடி புடிச்சவன் பொண்ணு நர்ஸாகணுமாம். மொதல்ல துவைக்கட்டும்" என்று சித்தி சொன்னபோது நான் தட்டில் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மெட்ரனம்மாவிடம் வாய்வரை வந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விழுங்கிவிட்டேன். காக்கை கத்தினாலே குறை சொல்கிறவள் நான்.

தையல் திருப்பி அனுப்பப்பட்டால் எங்கே போவாள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் வீட்டாரை அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்த மிராசும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அப்பாவும் அம்மாவும் பத்து மைல் தாண்டி, முகம் தெரியாத ஊரில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வரிசைக் கடைசியில் ஒரு குரல்

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் தையலைத் தனியாக உட்கார வைத்தேன். "என் கால் புண்ணாகிவிட்டது, எனக்கு வார்டு வேலை வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னாள்.

"இதை மெட்ரன்கிட்ட சொல்லுவியா?"

"மாட்டேனுங்க டீச்சர்."

"ஏன்?"

நனைந்திருந்த சேலை ஓரத்தைப் பிழிந்தபடி சொன்னாள்.

"எங்கம்மா நடவுக்குப் போறப்ப நானும் போயிருக்கேனுங்க. இருபது பேரு வரிசையா நிப்போம். ஒருத்திக்குக் காலு வெட்டிருச்சு, இல்ல தாகமா இருக்குன்னு வைங்க, அவ வாயத் தொறக்க மாட்டா. பக்கத்துல நிக்கிறவகிட்ட மெதுவா சொல்லுவா. அவ அடுத்தவகிட்ட. அப்படியே போயி, வரிசைக் கடைசில நிக்கிறவதான் கரையில நிக்கிற பண்ணைக் காரியக்காரருக்குக் கேக்கற மாதிரி கத்துவா, 'ஒருத்திக்குத் தண்ணி வேணுமாம்'னு."

"யாருக்குன்னு சொல்ல மாட்டாளா?"

"சொல்லவே கூடாதுங்க. ஆரு குறை சொன்னான்னு தெரிஞ்சா, மறுநாளு அவ வரப்புலயே நின்னுட்டுத் திரும்பி வரணும். அவளுக்கு நாத்துக் கட்டு போட மாட்டாங்க."

எனக்குச் சின்ன வயசு ஞாபகம் ஒன்று வந்தது. அப்பாவோடு வயலுக்குப் போனபோது இப்படித்தான் ஒரு குரல் கேட்டது: "ஒருத்திக்கு முள்ளு குத்திருச்சாம்!" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முள் குத்தியவள் தானே சொல்லக்கூடாதா என்று அப்பாவைக் கேட்டேன். "பக்கத்து இலைக்குப் பாயசம் கேக்கற ஜாதிம்மா இதுங்க" என்றார் அப்பா. தனக்கு வேண்டியதைப் பக்கத்து இலைக்காரனுக்குக் கேட்பதுபோல் கேட்டு வாங்கிக்கொள்கிற தந்திரத்துக்குத்தானே அந்தப் பழமொழி? ஆனால் இவர்கள் பக்கத்து இலைக்கு நிஜமாகவே கேட்டிருக்கிறார்கள். கரையில் நின்றது நாங்கள்.

வகுப்பு பிடித்துக்கொண்டது

மறுநாள் கரும்பலகையில் எழுதியிருந்ததை அழித்தேன். "உங்கள் தொந்தரவு வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன தொந்தரவு? அதைச் சொல்லுங்கள்" என்றேன்.

பெஞ்சுகளில் கிசுகிசுப்பு ஓடியது. பிறகு ஆரம்பித்தார்கள் பாருங்கள்!

ஒருத்தியின் தலையணையில் மூட்டைப்பூச்சி. ஒருத்திக்குக் குளியலறைக் கதவுத் தாழ்ப்பாள் மேல் பயம். குளித்து முடிக்கும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தியின் சோப்பை யாரோ தினமும் எடுத்துத் தேய்த்துவிட்டு, முடி ஒட்டியபடி வைத்துவிடுகிறார்கள். ஒருத்திக்குச் சமையல்காரர் மேல் கோபம். சாம்பாரில் முருங்கைக்காய் போட்டால் இவள் தட்டுக்கு மட்டும் சக்கையே வருகிறதாம். பஸ் கண்டக்டர், மாடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராத தண்ணீர். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி, விழுந்து எழுந்து, ஓடியே வந்தது. சொல்லுக்குத் தவித்தவர்கள் என் புடவையைப் பிடித்து இழுத்துக் கேட்டார்கள். சக்கைக்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்கே தெரியவில்லை. காக்கை பயந்து பறந்துவிட்டது.

யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. எல்லாம் 'ஒரு பெண்'தான். நானும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பேசுகிறார்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். அன்று மாடியறைக்குப் போகும்போது வழியெல்லாம் நானே சிரித்துக்கொண்டு போனேன்.

'ஒரு பெண்'

தேர்வன்று காலை பத்து மணிக்கு மெட்ரனம்மாவின் அறையில் பன்னிரண்டு பேரும் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். உயரத்தின்படி நிற்கச் சொன்னதால் தையல் கடைசி. மெட்ரனம்மா மேஜைக்குப் பின்னால். வழக்கம்போல் அவர் வலது பக்கம் சித்தி. கதவோரம் நான்.

முதல் பெண் நோயாளியைப் பற்றிய கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி வந்தது. இங்கே உனக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?

"ஒரு பெண்ணுக்குக் கால் புண்ணாக இருக்கிறது" என்றாள் அவள் ஆங்கிலத்தில். "ஒரு பெண் எப்போதும் துவைக்கிறாள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொல்லித் தந்தது மூட்டைப்பூச்சியும் தாழ்ப்பாளும்தான். இதை அவர்களாகவே தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது பெண்: "ஒரு பெண்ணுக்கு வார்டு வேலை வேண்டும்." மூன்றாவது: "ஒரு பெண் பதினொரு வாரமாகத் தொட்டியில் நிற்கிறாள்." சித்தியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஆறாவது பெண் வாயைத் திறந்ததும் மெட்ரனம்மா பேனாவை வைத்துவிட்டார்.

"யார் அந்த ஒரு பெண்?"

ஏழாவது, எட்டாவது பெண்களைக் கேட்டார். அவர்களும் அதையே சொன்னார்கள். பெயர் மட்டும் வரவில்லை. பதினோராவது பெண் முடித்தபோது மெட்ரனம்மாவின் வெள்ளை முகம் சிவந்திருந்தது.

"பெயர் இல்லாத பெண்ணுக்கு நான் எப்படி வைத்தியம் பார்ப்பேன்? உங்கள் டீச்சர் எழுதிக் கொடுத்த கதையைப் பதினொரு பேரும் ஒப்பிக்கிறீர்கள். இப்படி ஒப்பித்தால் பதினொரு பேரையும் அனுப்பிவிடுவேன்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "யார் அந்தப் பெண்? நீயாவது சொல்."

அந்த அறையில் பெயர் சொல்ல எந்தத் தடையும் இல்லாதவள் நான் ஒருத்திதான். எனக்கு இங்கிலீஷ் தெரியும். நடவு வரிசையில் நின்றவளும் இல்லை. சித்தி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது தையல் வரிசையை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள். கால் செருப்பைக் கழற்றினாள்.

"நான்தான் அந்தப் பெண்" என்றாள். "என் பெயர் தையல்நாயகி. இவர்கள் ஒப்பிக்கவில்லை. இது என் கால்."

மெட்ரனம்மா எழுந்து வந்தார். குனிந்தார். முழங்கால் மடக்கி அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தே விட்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "வலிக்குதா?" என்று தமிழில் கேட்டார்.

"வலிக்கிறது" என்று தையல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இந்த வேலையை நீயே கேட்டாய் என்றார்களே?"

"நான் கேட்கவில்லை. சிஸ்டரின் அண்ணனுக்கு எங்கள் ஊரில் நிலம் இருக்கிறது. என் அப்பா அங்கே அறுவடையை நிறுத்தினார். அதனால் நான் துவைக்கிறேன்."

நான் எந்த வகுப்பிலும் சொல்லித் தராத வாக்கியங்கள் அவை. குரல் நடுங்கியது. ஆனால் ஒன்றையும் விடவில்லை. மெட்ரனம்மா தரையில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கிச் சித்தியிடம் முறைப் பட்டியலைக் கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

தப்பித்தவள்

பதினொரு பேரும் தேறினார்கள். வார்டையே பார்க்காதவளை எப்படித் தேர்வு செய்வது என்று மெட்ரனம்மா தையலுக்கு இன்னும் மூன்று மாதம் கொடுத்தார். காலுக்குத் தானே மருந்து போட்டார். பட்டியலை அன்றிலிருந்து அவரே எழுதினார். தையல் அந்த மூன்று மாதத்தில் தேறி, பிறகு தஞ்சாவூரில் அரசாங்க வேலைக்குப் போனாள். ஓய்வு பெறும்போது அவளும் ஒரு வார்டு சிஸ்டர்தான். அவள் மகள் இப்போது டாக்டர். இதையெல்லாம் எழுதுவதில் எனக்கு இருக்கும் பெருமையை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் தேர்வு நடந்த அன்று மாலை நடந்ததையும் எழுத வேண்டும். சித்தி வேலையை இழக்கவில்லை. அதிகாரம்தான் கொஞ்சம் போனது. வீட்டில் வடை சுட்டிருந்தார். என் தட்டில் நாலு வைத்தார். "எல்லாரும் பேசினாளுங்க. நீ ஒருத்திதான் நம்ம வீட்டுப் பொண்ணா வாயத் தொறக்காம இருந்தே" என்று என் தலையைத் தடவினார்.

வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு மோசமாகத் திட்டியதில்லை. வடைகளைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த மாதக் கடைசியில் கடைத்தெருவில் ஒரு அறை பார்த்துக்கொண்டு வெளியேறினேன். அதுவும் தாமதம்தான்.

அடுத்த வகுப்பு

தேர்வு முடிந்து இரண்டு நாள் கழித்து வகுப்பு. பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். தையல் காலில் கட்டோடு, முதல் முறையாக நேரத்துக்கு வந்து, முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தயக்கம். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே, வழக்கம்போல் பக்கத்தில் இருப்பவளின் தொந்தரவைச் சொல்லுங்கள் என்றேன்.

தையல் எழுந்தாள்.

"டீச்சர், இன்னிக்கு என் குறையையே சொல்லலாமுங்களா?"

"சொல்லு."

ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "என் டீச்சருக்கு என் காலைப் பற்றித் தெரியும். காரணமும் தெரியும். மெட்ரன் கேட்டபோது டீச்சர் பேசவில்லை. எனக்கு டீச்சர் மேல் கோபம்."

பக்கத்தில் இருந்தவள் தையலின் சேலையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தாள். தையல் உட்காரவில்லை. என் பதிலுக்காக நின்றாள்.

"ஆமா தையல்" என்றேன். "பயந்துட்டேன். தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்க."

"சரிங்க டீச்சர். சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன்" என்று உட்கார்ந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், நடு பெஞ்சில் மூன்று கைகள் உயர்ந்திருந்தன.

"என்னம்மா?"

"எங்களுக்கும் ஒண்ணொண்ணு இருக்குங்க டீச்சர்."

"என்னைப் பத்தியா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமாங்க."

நாற்காலியை அவர்கள் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன்.